வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தொழில் தகுதியை உயர்த்திக்கொள்ளுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில ஆசிரியராக வேறொரு நாட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் ஓரிரு ஆண்டுகளில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வேலையை விடாமல் அடுத்த தகுதியைப் பெற முடியுமா, எந்தத் தகுதி எந்த வேலைக்குப் பயன்படும், எதற்குப் பணம் கட்டக் கூடாது என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் அனைத்துக்கும் அடிப்படையான கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ள ஒருவர் நம் வகுப்பில் அமர்ந்து, நாம் கற்பிப்பதைப் பார்த்து மதிப்பிடும் படிப்பே ஆசிரியரை உண்மையில் முன்னேற்றுகிறது. வேலையில் இருந்தபடியே படிப்பவருக்குக் கற்றதை மறுநாளே செய்துபார்க்க ஒரு வகுப்பறையும் இருக்கிறது.

என்னிடம் 120 மணி நேர இணையவழிச் சான்றிதழ் இருக்கிறது, வேலையும் கிடைத்துவிட்டது. இன்னும் ஏன் படிக்க வேண்டும்?

அந்தச் சான்றிதழ் தன் வேலையைச் செய்துவிட்டது. பல நாடுகளின் பணி அனுமதி விதிகள் இளங்கலைப் பட்டத்தோடு ஏதேனும் ஒரு கற்பித்தல் சான்றிதழைக் கேட்கின்றன. 120 மணி நேரம் என்ற அளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், இத்தகைய படிப்புகளில் பெரும்பாலானவற்றில் மாணவர்கள் முன் நின்று ஒரு பாடம்கூட நடத்த வேண்டியதில்லை. அதனால்தான் பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற நிறுவனங்களும் தரமான மொழிப் பள்ளிகளும், மேற்பார்வையின் கீழ் கற்பித்த பயிற்சி அடங்கிய சான்றிதழைக் கேட்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஆண்டில் தட்டுத்தடுமாறி நாமே கண்டுபிடித்த உத்திகள் மூன்றாம் ஆண்டில் பழக்கமாகிவிடுகின்றன. அவற்றில் எது மாணவர்களுக்கு உதவுகிறது, எது நமக்கு வசதியாக மட்டும் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவரே எளிதில் சொல்ல முடியும்.

செல்ட்டா, டிரினிட்டி சான்றிதழ் ஆகியவற்றில் அப்படி என்ன இருக்கிறது? ஏற்கெனவே கற்பிப்பவருக்கு இவை தேவைதானா?

ஆங்கில ஆசிரியர்களுக்கான தொடக்கநிலைச் சான்றிதழாகக் கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்ட்டா படிப்பில் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சியும், உண்மையான மாணவர்களுக்கு இரண்டு வெவ்வேறு நிலைகளில் நடத்தி மதிப்பிடப்படும் 6 மணி நேரக் கற்பித்தலும், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை உற்றுநோக்குதலும், நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழும் இதற்கு இணையானது. அதிலும் 6 மணி நேரக் கற்பித்தல் கட்டாயம். முன்பின் அறியாத ஒரு மொழியைச் சில வகுப்புகளில் கற்று, அந்த அனுபவத்தைப் பதிவு செய்து எழுதும் பகுதியும் டிரினிட்டியில் இருக்கிறது. புரியாத மொழியில் கட்டளைகளைக் கேட்டு விழிக்கும் மாணவரின் நிலை எப்படியிருக்கும் என்பதை ஆசிரியர் நேரடியாக உணர அது நல்ல வழி.

ஏற்கெனவே கற்பிப்பவருக்குத்தான் இவை கூடுதலாகப் பயன்படுகின்றன என்பது என் கருத்து. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கடந்த காலப் பழக்கத்தைக் குறிக்கும் 'யூஸ்ட் டு' அமைப்பை விளக்கி முடித்ததும் நம்மில் பலர் "புரிந்ததா?" என்று கேட்கிறோம், வகுப்பு முழுவதும் தலையாட்டுகிறது. பின்வரிசையில் இருக்கும் பயிற்றுநர் அந்தத் தலையாட்டலைக் குறித்துக்கொள்வார். பாடம் முடிந்த பிறகு, "'ஹி யூஸ்ட் டு ஸ்மோக்' என்ற வாக்கியத்தைக் காட்டி, 'அவர் இப்போது புகைக்கிறாரா? முன்பு புகைத்தாரா? ஒரு தடவையா, பல தடவையா?' என்று கேட்டிருந்தால் யாருக்குப் புரியவில்லை என்பது உங்களுக்கு அங்கேயே தெரிந்திருக்கும்" என்று சொல்வார். இதை நூலில் படித்தும் தெரிந்துகொள்ளலாம். ஆனால், நம் சொந்த வகுப்பில் நேர்ந்ததைச் சுட்டிக்காட்டும்போதுதான் பழக்கம் மாறுகிறது.

முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரங்களில் முடிக்கலாம். பகுதிநேரமாக மாதக்கணக்கில் பரப்பியும் படிக்கலாம். 2020 முதல் செல்ட்டாவை முழுமையாக இணையவழியிலும் பெற முடிகிறது. ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்: மதிப்பிடப்படும் பாடங்களைப் பயிற்சி மையம் ஏற்பாடு செய்யும் மாணவர்களுக்கே நடத்த வேண்டும், நீங்கள் வேலை பார்க்கும் பள்ளியின் வகுப்பு அந்த 6 மணி நேரக் கணக்கில் சேராது.

விளம்பரத்தில் "நிலை 5" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அது செல்ட்டாவுக்குச் சமம்தானே?

சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தின் தகுதிச் சட்டகத்தில் நிலை எண் என்பது பாடத்தின் கடினத்தை மட்டுமே குறிக்கிறது. நிலை 6 இளங்கலைப் பட்டத்தின் கடினத்தையும், நிலை 7 முதுகலைப் பட்டத்தின் கடினத்தையும் ஒத்தவை. படிப்பு எவ்வளவு நீளமானது, அதில் கற்பித்தல் பயிற்சி உண்டா என்பவற்றை அந்த எண் சொல்வதில்லை. செல்ட்டாவும் நிலை 5, ஒரு முறைகூட வகுப்பெடுக்காமல் முடிக்கக்கூடிய சில இணையவழிப் பட்டயங்களும் நிலை 5. பணம் கட்டுவதற்கு முன்பு, இங்கிலாந்தின் தகுதிகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் அந்தத் தகுதியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பிறகு, எத்தனை மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும், அதை யார் பார்த்து மதிப்பிடுவார், அந்த மதிப்பீட்டை வெளியிலிருந்து எவரேனும் சரிபார்க்கிறாரா என்பவற்றை நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேளுங்கள். நேரடியான பதில் வராவிட்டால் விலகிக்கொள்வது நல்லது.

கேம்பிரிட்ஜின் மேல்நிலை ஆசிரியர் பட்டயமான டெல்டாவை எப்போது படிக்கலாம்? வேலையோடு சேர்த்துப் படிக்க அது ஏற்றதா?

வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளாவது கற்பித்த பிறகு படிப்பதே பயன் தரும். குழந்தைகளுக்கு மட்டும், அல்லது தொடக்க நிலை உரையாடல் வகுப்பு மட்டும் எடுத்தவர்கள், முதலில் மேல்நிலை வகுப்புகளைக் கேட்டு வாங்கி எடுத்துப் பழகிக்கொள்ள வேண்டும். போதிய அனுபவமின்றிச் சேருபவர், நினைத்துப் பார்க்கச் சொந்த வகுப்பு நிகழ்வுகள் இல்லாமல் நூல்களின் கருத்துகளையே திருப்பி எழுத நேரிடும்.

டெல்டா, முதுகலை நிலையான நிலை 7இல் அமைந்தது. அதன் மூன்று பகுதிகளையும் எந்த வரிசையிலும், இடைவெளி விட்டும் முடிக்கலாம் என்பதே வேலையில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி. முதல் பகுதி எழுத்துத் தேர்வு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் கொண்ட இரண்டு தாள்களை ஜூன் அல்லது டிசம்பர் மாதத்தில் எழுதலாம். மூன்றாம் பகுதி 4,000 முதல் 4,500 சொற்கள் வரையிலான நீண்ட ஆய்வுப் பணி. தேர்வுக்கான பயிற்சி, இளம் மாணவர், வணிக ஆங்கிலம் போன்ற ஒரு சிறப்புத் துறையையோ பள்ளி நிர்வாகத்தையோ எடுத்துக்கொண்டு, தேவைகளை ஆராய்ந்து ஒரு பாடத்திட்டத்தை வடிவமைக்க வேண்டும்.

இரண்டாம் பகுதிதான் டெல்டாவின் உயிர். மதிப்பிடப்படும் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பாக, எடுத்துக்கொண்ட மொழிக்கூற்றையோ திறனையோ பற்றி 2,000 முதல் 2,500 சொற்கள் வரை ஒரு பின்னணிக் கட்டுரை எழுத வேண்டும். அதைத் தொடர்ந்து, இந்த மாணவர்களுக்கு இந்தப் பயிற்சி ஏன், இந்த இடத்தில் எந்தச் சிக்கல் வரலாம், வந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நிமிட வாரியாக விளக்கும் பாடக்குறிப்பும், பாடம் முடிந்த பிறகு தன் கற்பித்தலைத் தானே மதிப்பிடும் குறிப்பும் வேண்டும். கடைசிப் பாடத்தைப் பார்க்க வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். பலர் சறுக்குவது கட்டுரைக்கும் பாடத்துக்கும் இடையே தொடர்பில்லாமல் போவதில்தான். கேட்டல் திறனைப் பற்றிய கட்டுரையில், விரைவான பேச்சில் சொற்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒலிப்பதே மாணவர்களின் முதன்மைச் சிக்கல் என்று எழுதிவிட்டு, வகுப்பில் ஒலிப்பதிவை மூன்று முறை ஓட விட்டு விடைகளைச் சரிபார்த்தால் மதிப்பீட்டாளர் ஏற்க மாட்டார். மாணவர் தவறவிட்ட அந்த ஒரு நொடியை மட்டும் தனியாக ஓட விட்டு, அங்கே எந்த ஒலி மறைந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்க வைத்தால் கட்டுரை வகுப்புக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

சில மையங்கள் இரண்டாம் பகுதியைத் தொலைநிலையிலும் நடத்துகின்றன. அங்கே தகுதியுள்ள ஓர் உள்ளூர் வழிகாட்டி உங்கள் பள்ளிக்கே வந்து உங்கள் மாணவர்களோடு நீங்கள் நடத்தும் பாடத்தைப் பார்க்கலாம். வேலையை விட முடியாதவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியையே. டிரினிட்டியின் நிலை 7 பட்டயமும் இதற்கு இணையாக மதிக்கப்படுகிறது. ஒலியியல் பற்றிய நேர்காணல் தேர்வு அதன் தனிச்சிறப்பு.

டெல்டாவா, முதுகலைப் பட்டமா?

அடுத்து எந்த வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்பதே இதற்கு விடை. மொழிப் பள்ளியில் கல்விப் பொறுப்பாளராகவோ ஆசிரியப் பயிற்றுநராகவோ வர விரும்பினால் டெல்டா. பல்கலைக்கழகத்தில் கற்பிக்க விரும்பினால் டெசோல் (பிற மொழி பேசுவோருக்கு ஆங்கிலம் கற்பித்தல்) அல்லது பயன்பாட்டு மொழியியலில் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்றே கொள்ளலாம். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் வளைகுடா நாடுகளிலும் பல்கலைக்கழகப் பணிகளுக்குப் பொதுவாக முதுகலை கேட்கப்படுகிறது. ஜப்பானில் ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டிருக்க வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் நிலை 7 என்பதால், டெல்டா இருந்தால் முதுகலை இருப்பதாகவே கணக்கு என்று சிலர் நம்புகிறார்கள். பணி அனுமதி வழங்கும் அலுவலகம் பட்டத்தை மட்டுமே பட்டமாகக் கொள்ளும்.

இரண்டையும் பெற எண்ணமிருந்தால் டெல்டாவை முதலில் முடிக்கலாம். பிரிட்டனில் முதுகலைப் பட்டம் 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) கொண்டது. டெல்டா முடித்தவர்களுக்கு அதில் ஒரு பகுதியைச் சில பல்கலைக்கழகங்கள் கழித்துக்கொடுக்கின்றன. அதனால் செலவும் குறையும், காலமும் மிச்சமாகும். முதுகலை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மொழி எவ்வாறு கற்கப்படுகிறது என்பதை ஆழ்ந்து படிக்க அதைவிடச் சிறந்த இடமில்லை. ஆனால், முதுகலைப் படிப்புகள் பலவற்றில் உங்கள் வகுப்பை எவரும் வந்து பார்ப்பதில்லை என்பதைச் சேருமுன் அறிந்திருக்க வேண்டும்.

சர்வதேசப் பள்ளிகளில் சேர என்ன வேண்டும்?

இங்கே தேவைப்படுவது பள்ளி ஆசிரியர் தகுதி. செல்ட்டாவும் டெல்டாவும் மொழிப் பள்ளிகளுக்காக உருவானவை. சர்வதேசப் பள்ளிகள் பொதுவாக ஏதேனும் ஒரு நாட்டின் ஆசிரியர் உரிமத்தைக் கேட்கின்றன.

பிரிட்டன் வழியில் செல்பவர்கள் இரண்டு பெயர்களைப் பிரித்தறிய வேண்டும். பிஜிசிஇ என்பது பல்கலைக்கழகம் வழங்கும் கல்வித் தகுதி. அதில் பெரும்பாலும் 60 முதுகலை கிரெடிட்டுகள் அடங்கியிருக்கும். கியூடிஎஸ் என்பது இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிவதற்கான தொழில் தகுதிநிலை. வெளிநாட்டில் இருந்தபடி படிக்கும் சர்வதேச பிஜிசிஇ, கியூடிஎஸ் தகுதியைத் தானாகத் தராது. இது தெரியாமல் பணம் கட்டிவிட்டு வருந்துபவர்கள் உண்டு. இந்த இடைவெளியை நிரப்பவே பிரிட்டன் அரசு 2022இல் ஐகியூடிஎஸ் என்ற தகுதியை முன்னோட்டமாகத் தொடங்கியது. அது கியூடிஎஸ்ஸுக்குச் சமமாக ஏற்கப்படுகிறது. அமெரிக்க வழியில் செல்ல விரும்புபவர்கள், வேலை பார்க்கும் பள்ளியிலேயே செய்முறைப் பயிற்சியை முடிக்க இடமளிக்கும் இணையவழி ஆசிரியப் பயிற்சிகளைப் பார்க்கலாம்; எந்த மாநிலத்தின் உரிமம் கிடைக்கும் என்பதை அங்கே முதலில் கேட்க வேண்டும்.

பெரியவர்களுக்கான மாலை நேர மொழி வகுப்புகளில் பெற்ற அனுபவத்தை இந்தப் படிப்புகள் பள்ளி அனுபவமாக ஏற்பதில்லை. ஆகவே, முதலில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராகவேனும் சேர்ந்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பதே முறையான வரிசை.

இணையவழியில் பெற்ற பட்டத்தை எல்லா நாடுகளும் ஏற்குமா? ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லா நாடுகளும் ஏற்பதில்லை. தொலைநிலைப் பட்டங்களை வளைகுடா நாடுகளின் கல்வித் துறைகள் நீண்ட காலமாகக் கடுமையாகவே அணுகி வந்திருக்கின்றன. எந்த முறையில், எங்கிருந்து படித்தீர்கள் என்பதைப் பல்கலைக்கழகமே உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கேட்பதுண்டு. விதிகள் அவ்வப்போது மாறுவதால், சேருவதற்கு முன்பு வெளிநாட்டுப் பட்டத்தை உள்நாட்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்கும் சமநிலைச் சான்றிதழ் பற்றி நீங்கள் போக நினைக்கும் நாட்டில் உள்ள விதியை அந்த நாட்டு அரசின் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். படிப்பை விற்கும் நிறுவனத்தின் உறுதிமொழி போதாது.

சான்றொப்பம் பெறுவதிலும் குழப்பம் வருகிறது. 1961 அக்டோபர் 5 அன்று கையெழுத்தான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே, ஆவணம் உண்மையானது என்று வழங்கிய நாடே உறுதிப்படுத்தும் அப்போஸ்டில் முத்திரை ஒன்றே போதும். சீனாவிலும் 2023 நவம்பர் 7 முதல் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. உடன்படிக்கையில் சேராத நாட்டுக்குத் தூதரகச் சான்றொப்பம் வேண்டும். முத்திரையை, நீங்கள் வசிக்கும் நாட்டில் பெற முடியாது. சான்றிதழ் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டின் அதிகார அமைப்பே இட வேண்டும். பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வியட்நாமில் இருந்தபடியே படித்து முடித்தாலும் அது பிரிட்டனுக்குத்தான் போய்வர வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்பதைச் சேரும்போதே பாருங்கள். முதலெழுத்தைச் சுருக்கி எழுதியவர்களும் திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்களும் இதில் மாதக்கணக்கில் அலைய நேர்கிறது.

வாரம் இருபத்தைந்து வகுப்புகள் எடுக்கிறேன். படிப்புக்கு நேரம் எங்கே?

தனியாக நேரம் ஒதுக்குவதைவிட, படிப்பையும் வேலையையும் ஒன்றாக்குவதே நிலைத்து நிற்கும் வழி. கட்டுரைத் தலைப்பைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கும் எல்லா இடங்களிலும், அந்தப் பருவத்தில் நீங்கள் எப்படியும் கற்பிக்கப்போகும் பகுதியையே தேர்ந்தெடுங்கள். எழுத்துத் திறன் வகுப்பு கையில் இருக்கும்போது ஒலியியல் பற்றிக் கட்டுரை எழுதினால் இரட்டை வேலை.

ஆசிரியர் தன் வகுப்பையே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் செயலாராய்ச்சி இதற்கு மிகவும் பொருத்தமானது. ஒரு பாடத்தைக் கைபேசியில் பதிவு செய்து, பத்து நிமிடப் பகுதியை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதிப் பாருங்கள். நாம் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை நொடிக் கணக்கில் குறியுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டதையும், வழக்கமாகப் பேசாதவர்களும் பேசியதையும் காட்டினார். அவர் பார்த்தது அறிவியல் வகுப்புகளை. வேற்று மொழியில் விடையை அமைக்க வேண்டிய மாணவருக்கு அந்த நொடிகள் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் அல்லவா? உங்கள் பதிவில் இருக்கும் எண்ணை எழுதி வைத்து, ஒரு மாதம் உணர்ந்து காத்திருந்து, மறுபடியும் பதிவு செய்து ஒப்பிட்டால், ஒரு நல்ல ஆய்வுப் பணிக்கான தரவு கையில் இருக்கும். பதிவு செய்யும் முன் பள்ளியிடமும் மாணவர்களிடமும், சிறுவர்களாயின் பெற்றோரிடமும், எழுத்து மூலம் இசைவு பெறுவது கட்டாயம்.

காலத்தைப் பொறுத்தவரை, பள்ளியின் தேர்வுக் காலமும் படிப்பின் சமர்ப்பிப்பு நாளும் ஒரே வாரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேரலை வகுப்புகள் உங்கள் நாட்டு நேரப்படி எப்போது வரும் என்பதையும் கணக்கிடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நள்ளிரவில் விழித்திருந்தால் ஓராண்டை ஓட்டுவது கடினம்.

கட்டணம் கட்ட வசதியில்லை. என்ன செய்யலாம்?

கற்பித்தல் பற்றிய அறிவைச் சோதிக்கக் கேம்பிரிட்ஜ் நடத்தும் டிகேடி தேர்வு செலவு குறைந்தது. அதன் அடிப்படைப் பகுதிகள் மூன்று. ஒவ்வொன்றும் 80 நிமிடத்தில் விடையளிக்க வேண்டிய 80 கேள்விகளைக் கொண்டது. தேர்ச்சி, தோல்வி என்று இல்லாமல் 1 முதல் 4 வரையிலான நிலைகளில் முடிவு தரப்படும். அது செல்ட்டாவுக்கு மாற்றாகாது, ஆனால் அடிப்படைக் கருத்துகளை ஒழுங்காகப் படிக்க வைக்கும்.

பிரிட்டிஷ் கவுன்சில் ஆசிரியர்களுக்காக நடத்தும் இணையதளத்தில் இலவசப் பயிற்சிகள் ஏராளம். ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்புகளான, 1966இல் தொடங்கிய டெசோல் சங்கமும் 1967இல் தொடங்கிய ஐயாடெஃப்ல் சங்கமும் இணையக் கருத்தரங்குகள் நடத்துகின்றன. ஐயாடெஃப்ல் மாநாட்டில் கலந்துகொள்ள உதவித்தொகைகளும் உண்டு. இவற்றையெல்லாம்விட மலிவானது, சக ஆசிரியர் ஒருவரோடு மாதம் ஒருமுறை வகுப்பு மாற்றி உற்றுநோக்குவது. என்ன பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒன்றாக மட்டும் சுருக்கிக்கொள்ளுங்கள். "பொதுவாகப் பார்" என்றால் பாராட்டு மட்டுமே கிடைக்கும்.

ஆங்கிலம் என் தாய்மொழி அல்ல. கூடுதல் தகுதி அந்தத் தடையை நீக்குமா?

சில தடைகளை நீக்கும், சிலவற்றை நீக்காது. செல்ட்டா போன்ற படிப்புகள் தாய்மொழியைக் கேட்பதில்லை; மொழித்திறனை அளக்கும் ஐரோப்பியச் சட்டகத்தின் மிக உயர்ந்த இரு நிலைகளான சி1, சி2 நிலை ஆங்கிலத்தையே கேட்கின்றன. டெசோல் சங்கம், தாய்மொழியை வைத்து ஆசிரியர்களுக்குப் பாகுபாடு காட்டுவதை 2006இல் வெளிப்படையாக எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. நற்பெயருள்ள நிறுவனங்களில் டெல்டா, முதுகலை போன்ற தகுதிகளுக்கு உரிய மதிப்புக் கிடைக்கிறது.

ஆனால், சில தடைகள் குடியேற்ற விதியிலேயே இருக்கின்றன. அயல்மொழி ஆசிரியர்களுக்கான தென்கொரியாவின் இ-2 விசா, ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களைப் பொறுத்தவரை, சில விலக்குகள் நீங்கலாக, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. எந்தச் சான்றிதழும் அதை மாற்றாது. இது நியாயமற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே, படிப்பில் சேருமுன் அந்தப் படிப்பு உங்கள் கடவுச்சீட்டுக்கு எந்த நாடுகளைத் திறந்துவிடும் என்று பாருங்கள். இன்னொரு மொழியிலிருந்து ஆங்கிலத்தைக் கற்று வந்தவர், மாணவர் எங்கே தடுமாறுவார் என்பதை உள்ளிருந்தே அறிந்தவர். டெல்டா பாடக்குறிப்பில் 'எதிர்பார்க்கும் சிக்கல்கள்' பகுதியை எழுதும்போது அந்த அறிவு நேரடியாகக் கைகொடுக்கும்.

படிப்புச் செலவை என் பள்ளியே ஏற்பதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

ஒப்புக்கொள்ளலாம், ஒப்பந்தத்தைப் படித்த பிறகு. படிப்பு முடிந்து எத்தனை மாதம் அங்கே பணிபுரிய வேண்டும், இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா அல்லது மீதிக் காலத்துக்கு ஏற்பக் குறையுமா, பள்ளியே உங்களை நீக்கினால் என்ன ஆகும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழைப் பள்ளி வைத்துக்கொள்ளும் என்ற நிபந்தனையை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் ஏற்காதீர்கள்.

தகுதி உயர்ந்தால் ஊதியம் உயருமா?

ஊதியப் படிநிலை எழுத்தில் இருக்கும் இடங்களில் உயரும். தென்கொரிய அரசுப் பள்ளிகளுக்கான எபிக் திட்டத்தில் கல்வித் தகுதியையும் அனுபவத்தையும் வைத்தே படிநிலை வகுக்கப்படுகிறது. தனியார் மொழிப் பள்ளிகளில் அப்படி ஓர் அட்டவணை பெரும்பாலும் இருக்காது, கேட்டால்தான் கிடைக்கும். கேட்க ஏற்ற வேளை, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு. சான்றிதழை மட்டும் நீட்டாமல், புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது, தேர்வு வகுப்புக்குப் பாடத்திட்டம் அமைப்பது என நீங்கள் இனி ஏற்கக்கூடிய ஒரு பொறுப்பையும் சேர்த்துச் சொன்னால், மேலாளர் அந்தக் கோரிக்கையை நிர்வாகத்திடம் எடுத்துச் செல்ல ஒரு காரணம் கிடைக்கும்.